மூன்று மணி நேரமும் ஒரு பேனாவும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பதவி உயர்வுக்காக இல்லை, ஆசைக்காக. அசைன்மென்ட் எல்லாம் நன்றாகவே எழுதினேன். ஆனால் டிசம்பர் தேர்வில் வினாத்தாளைக் கண்டதும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. ஜூன் நெருங்க நெருங்கத் தூக்கமில்லை. மகளிடம் சொல்லவும் கூச்சம். பிடித்துப் படிப்பதில் ஏன் இந்தப் பயம்?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பிடித்துப் படிப்பதால்தான் பயம். பதினேழு வயதில் படித்தது யாரோ சேர்த்துவிட்ட படிப்பு. இது நீங்களே ஆசைப்பட்டு எடுத்தது, அதனால் மதிப்பெண்ணை உங்கள் ஆசைக்கே போடும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

படித்தது மறந்துபோகவில்லை. பதற்றம் வந்தால் மனம் அந்தக் கவலையையே சுமந்து நிற்கிறது, விடையை நினைவிலிருந்து எடுத்துக் கோக்க இடமிருப்பதில்லை. ராமிரெஸ், பைலாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் மேலான மதிப்பெண் பெற்றதாக அது சொல்கிறது. எல்லோருக்கும் பலிக்குமா தெரியாது, எனக்குப் பலித்தது. செய்து பாருங்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கையைப் பற்றி. 46 வயதில் நானும் அஞ்சல்வழியில் ஒரு தேர்வு எழுதினேன். இரண்டாவது மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போனது. பல வருடமாகக் கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனாவைத் தொட்டதில்லை. தெரிந்த விடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த வலி இன்னும் இருக்கிறது. உங்கள் தாளில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 500 சொல் அளவில் விடை. மூன்று மணி நேரத்தில் 2500 சொற்களைக் கையால் எழுத வேண்டும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டாமா?

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதும்போதுதான் எது நிற்கிறது, எது நழுவுகிறது என்று புரியும். பழைய வினாத்தாள்கள் இக்னோ தளத்திலேயே கிடைக்கின்றன. ஞாயிறுதோறும் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து, தேநீருக்குக்கூட எழுந்திருக்காமல் எழுதுங்கள். முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். நான்காவது வாரம் வினாத்தாள் பழகிய முகமாகிவிடும். நன்றாகத் தெரிந்த கேள்வியை முதலில் எடுங்கள், வரிசை முக்கியமில்லை. ஜூனில் ஒரு தாள் தங்கினாலும் டிசம்பர் இருக்கிறது. இந்தப் படிப்பை முடிக்க நான்கு வருடம் வரை தருகிறார்கள்.

அப்புறம், மகளிடம் சொல்லிவிடுங்கள். அவள் பத்தாம் வகுப்பு எழுதியபோது வீட்டில் டிவி ஓடியிருக்காது. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அதே அமைதியை இப்போது நீங்கள் கேளுங்கள்.