சீகன்பால்க் என்ற குடும்பப் பெயர்: ஜெர்மனியில் இன்று எங்கே, எத்தனை பேருக்கு?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார். "என் மகள் டிரெஸ்டனில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவள் குடியிருக்கும் அடுக்கக வாசலில், அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களில் ஒன்று 'சீகன்பால்க்'. தரங்கம்பாடிக்கு அருகில் வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்த வீட்டார் 1706-இல் இங்கே வந்த பாதிரியாரின் வம்சமா? பெயருக்கு என்ன பொருள்? ஜெர்மனியில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கும்? அவர்களைத் தொந்தரவு செய்யாமல் நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா?"

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டார் பாதிரியாரின் நேர் வாரிசுகளாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் அவருடைய முன்னோர் வாழ்ந்த அதே வட்டாரத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682-இல் பிறந்த புல்ஸ்னிட்ஸ், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர். காமென்ஸ் போகும் ரயிலில் ஏறினால் உங்கள் மகள் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். இந்தப் பெயரை அவர் ஹாம்பர்க்கிலோ மியூனிக்கிலோ பார்த்திருந்தால் நானும் வியந்திருப்பேன். டிரெஸ்டனில் பார்த்தது, பெயர் பிறந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே பார்த்தது.

பொருளுக்கு வருவோம். 'சீகெ' என்றால் வெள்ளாடு. 'பல்க்' என்றால் கீறிக் கிழிக்காமல் முழுதாக உரித்தெடுத்த விலங்குத் தோல். இடைக்கால ஜெர்மனில் இந்தச் சொல் அந்தத் தோலால் தைத்த பையையும் கொல்லன் உலைக்குக் காற்றூதும் துருத்தியையும்கூடக் குறித்தது. ஆகவே பெயரை முதலில் தாங்கியவர் ஆட்டுத்தோல் பதனிட்டவராகவோ, தோல் வாங்கி விற்றவராகவோ இருந்திருக்கலாம். அல்லது ஆட்டுத்தோல் துருத்தியோடு பிழைத்தவராக இருந்து, அக்கம்பக்கத்தார் அவரை அப்படியே கூப்பிட்டிருக்கலாம். இவற்றில் எது சரி என்பதை அகராதியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அந்தக் கால வரிப்பட்டியலோ நகர ஆவணமோ அந்த மனிதரின் தொழிலைச் சொன்னால்தான் உண்டு. பாதிரியாரின் தந்தை தானிய வியாபாரி. அவர் காலத்துக்கு வெகு முன்பே பெயர் நிலைத்துவிட்டதால், தோலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் தொழில் தொடர்பு எதுவும் மிஞ்சவில்லை. இன்றைய ஜெர்மனில் 'பல்க்' என்பது அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல்லாகவும் வழங்குகிறது. அந்தப் பொருளைப் பெயரின் மேல் ஏற்ற வேண்டாம்.

பெயரின் முன்பாதியை வைத்து உறவு தேடுவதில் ஒரு வழுக்கல் உண்டு. சீக்லர் என்ற பெயர் ஜெர்மனியில் ஏராளம். ஆனால் அது ஆட்டிலிருந்து வந்ததல்ல, செங்கல்லையும் ஓட்டையும் குறிக்கும் 'சீகெல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் குடும்பங்களின் முன்னோர் சூளை வைத்திருந்தவர்கள். சீகன்ஹால்ஸ் என்றால் சொல்லுக்குச் சொல் 'ஆட்டுக் கழுத்து'. ஆனால் அது சிலேசியாவில் இருந்த ஓர் ஊர், இப்போது போலந்தில் வேறு பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயர் கொண்டவரை ஊரை வைத்து அழைத்தார்கள் என்றுதான் முதலில் எண்ண வேண்டும். பெயரைப் பிரித்துப் பொருள் சொல்வதற்கு முன், அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். தந்தையின் பெயர், தொழில், வந்த ஊர், குடியிருந்த இடம், பட்டப்பெயர் என்று ஜெர்மன் குடும்பப் பெயர்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். சீகன்பால்க் தொழிலை ஒட்டிய பட்டப்பெயர்.

இந்த வகைக்கும் எண்ணிக்கைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் முல்லர், அதாவது மாவாலைக்காரர். வட்டாரத்துக்கு வட்டாரம் மாவாலை இருந்தது, அவற்றை ஓட்டியவர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாமலே தனித்தனியாக முல்லர் ஆனார்கள். இரண்டு முல்லர்கள் சந்தித்தால் உறவு விசாரிப்பதில் பயனில்லை. வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் நம் இனிஷியல் வழக்கம் போலவே தந்தையின் பெயர் பிள்ளைக்கு வந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிக்கொண்டிருந்தது. 1811-இல் நெப்போலியன் ஆட்சியின் ஆணைதான் அதைக் குடும்பப் பெயராக உறைய வைத்தது. ஒரு சில இயற்பெயர்களே திரும்பத் திரும்ப வழங்கியதால், அங்கே குடும்பப் பெயர்கள் குறைவு, ஒவ்வொன்றையும் தாங்குவோர் அதிகம். பட்டப்பெயர்களின் கதை வேறு. 'ஆட்டுத்தோல்' என்று ஒருவரைக் கூப்பிடும் எண்ணம் ஓரிரு ஊர்களில்தான் தோன்றியிருக்கும். அப்படி ஓரிரு குடும்பங்களில் தொடங்கிய பெயர், கொள்ளைநோய்களையும் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரையும் தாண்டி, மகள்கள் மட்டுமே பிறந்த தலைமுறைகளில் கிளை கிளையாக அற்றுப்போய், மிஞ்சியது கொஞ்சம்.

இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ஆய்வு செய்பவருக்கு அரிய பெயரைவிடப் பெரிய வரம் கிடையாது. தமிழுக்கு உழைத்த மற்ற ஜெர்மானியர்களோடு ஒப்பிட்டால் இது புரியும். தஞ்சாவூரில் பெயர்பெற்ற ஷ்வார்ட்ஸின் பெயருக்குக் 'கருப்பு' என்று பொருள். நாடெங்கும் தலைமுடி கறுத்தவர்களுக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. போதாததற்கு, அவர் பிறந்த சொனன்புர்க் இன்று போலந்தில் இருக்கிறது. அகராதி தொகுத்த ஃபாப்ரிசியுஸின் பெயர் லத்தீன். கொல்லனைக் குறிக்கும் ஷ்மிட் போன்ற பெயர்களைப் படித்த குடும்பங்கள் பல இப்படி லத்தீனாக்கிக்கொண்டன. அதன் வேரைத் தோண்டினால் ஆயிரக்கணக்கான கொல்லர்களிடம் போய் நிற்போம். சீகன்பால்க் அப்படி இல்லை, டிரெஸ்டனும் புல்ஸ்னிட்ஸும் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்கு நேராகக் கொண்டுபோய் விடுகிறது.

எண்ணிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வாளர்கள் நம்பியிருப்பது தொலைபேசிப் பட்டியலை. ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய ஏழு தொகுதி ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூல், 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. பழைய பட்டியல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு ஓர் இணைப்பு என்ற நிலை இருந்தது. கைபேசி வந்த பிறகு பலர் பட்டியலிலிருந்து விலகிவிட்டதால், புதிய பட்டியல்கள் ஆளைக் குறைத்துக் காட்டும். இணைப்புகளின் எண்ணிக்கையை இரண்டரை முதல் மூன்று வரையான எண்ணால் பெருக்கினால் ஆட்களின் எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும். நூறு இணைப்புகள் என்றால் 250 முதல் 300 பேர். சீகன்பால்க் நூறுகளில் எண்ண வேண்டிய பெயர், ஆயிரங்களுக்குப் போகாது. ஆனாலும் அந்தப் பட்டியலில் இருந்த சுமார் எட்டரை லட்சம் வெவ்வேறு பெயர்களில், பத்து இணைப்பாவது உள்ளவை ஏறத்தாழ இரண்டு லட்சம்தான். ஜெர்மன் பெயர்களில் பெரும்பகுதி இதைவிட அரியவை.

மைன்ஸ் நகரின் அறிவியல் கழகம் நடத்தும் ஜெர்மன் குடும்பப் பெயர் மின்னகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து இணைப்புகளுக்கு மேல் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக விளக்கி, பரவல் வரைபடத்தோடு சேர்த்துவருகிறார்கள். இத்தகைய வரைபடங்களில் இரண்டு வகை உண்டு. மொத்த எண்ணிக்கையைக் காட்டும் படத்தில் பெர்லின் போன்ற பெருநகரங்கள் எப்போதும் அடர்நிறத்தில் நிற்கும், ஏனென்றால் அங்கே எல்லாப் பெயரும் இருக்கும். மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்று காட்டும் படத்தைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.

தொலைபேசி வரைபடம் ஒரு முக்கியமான விஷயத்தை மறைத்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா முதலிய பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் வெளியேறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். இன்று ரூர் பகுதியிலோ பவேரியாவிலோ அடர்ந்து தெரியும் பெயர், 1945-க்கு முன் அங்கே இல்லாமலே இருந்திருக்கலாம். அதனால் பழைய பரவலையும் பார்க்க வேண்டும். அதற்கு மிகச் சிறந்த கருவி முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். இறந்தவர், காயம்பட்டவர், சிறைப்பட்டவர், காணாமல் போனவர் என்று அரசு அன்று அச்சிட்ட சுமார் 85 லட்சம் பதிவுகளைக் கணினி வம்சாவளி ஆய்வுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். பல பதிவுகளில் பிறந்த ஊரும் இருக்கும். ஒரு பெயரின் வீரர்கள் எந்த ஊர்களில் பிறந்தார்கள் என்று பார்த்தால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பெயர் எங்கே குடியிருந்தது என்று தெரிந்துவிடும்.

இனி வம்சம். பாதிரியார் ஐரோப்பா சென்றிருந்தபோது மரியா டொரோத்தியா சால்ஸ்மன் என்ற பெண்ணை மணந்து, 1716-இல் அவருடன் தரங்கம்பாடி திரும்பினார். 1719-இல் காலமானார். அவருடைய மகன்களில் ஒருவர் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியராக இருந்தார். தரங்கம்பாடியே டேனிஷ் குடியேற்றம், பாதிரியாரை அனுப்பியவரும் டென்மார்க் மன்னர் என்பதால் இது இயல்பே. ஆக, நேர் வாரிசுகளை டென்மார்க் பக்கம்தான் முதலில் தேட வேண்டும். சாக்சனியில் இன்று இருப்பவர்கள் அவருடைய பங்காளிகளின் வழி வந்தவர்களாகவோ, அதே பெயரை ஏற்ற வேறொரு குடும்பமாகவோ இருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. பதிவேட்டில் தந்தை பெயர், தாத்தா பெயர் என்று படிப்படியாக மேலே ஏறி, ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால்தான் உறவு.

அழைப்பு மணிப் பெயரை வைத்து முடிவுக்கு வராமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1976 வரை மனைவி கணவரின் பெயரையே ஏற்க வேண்டியிருந்தது. அதன் பிறகு தம்பதியர் மனைவியின் பெயரையும் பொதுப்பெயராகத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. 2025 மே 1 முதல் இருவரும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளவும் வழி வந்திருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர் திருமணத்தால் இந்தப் பெயரைப் பெற்றவராக இருக்கலாம். ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும். மகள்களோடு முடிந்துபோகும் அரிய பெயர்களுக்கு இந்தச் சட்ட மாற்றங்கள் உயிர் கொடுத்திருக்கின்றன.

ஏடுகளைத் தேட ஒழுங்கு இருக்கிறது. ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு 1876 ஜனவரி 1-இல் தொடங்கியது. பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டுகள், திருமணப் பதிவுகள் 80, இறப்புப் பதிவுகள் 30 ஆண்டுகள் கழிந்த பிறகே எல்லோரும் பார்க்க முடியும். அதற்கு முன்பு என்றால் திருச்சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். புராட்டஸ்டண்ட் பதிவேடுகளைக் கட்டணத்துக்குக் காட்டும் ஆர்க்கியோன் தளத்தில் தொடங்குங்கள். அங்கே கிடைக்காவிட்டால் புல்ஸ்னிட்ஸின் நிக்கோலாய் தேவாலய அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

தேடும்போது Ziegenbalg என்ற ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஜெர்மனில் இப்படிச் சொல்லின் கடைசியில் வரும் ஜி எழுத்து 'க்' என்று அழுத்தித்தான் ஒலிக்கும். அதனால் காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாக்கள் இறுதியில் ஜி போட்டிருப்பார்கள், கே போட்டிருப்பார்கள், சிகே போட்டிருப்பார்கள், ஜியும் கேயும் சேர்த்தும் போட்டிருப்பார்கள். சாக்சன் பேச்சில் பகரத்தின் இரண்டு ஒலிகளும் கலந்துவிடுவதால், நடுவில் பி எழுத்து இருக்கும் இடத்தில் அதன் வல்லொலி எழுத்தும் வரலாம். நடுவிலுள்ள ஈ எழுத்தை விட்டுவிட்டும் எழுதுவார்கள். பழைய கூரென்ட் கையெழுத்து வேறு, பழகாத கண்ணுக்கு எழுத்துகளைப் பிரித்தறியவே முடியாது. உங்கள் மகள் தன் பல்கலைக்கழகத்தில் அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். பாதிரியாரின் கடிதங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாலே நகரில் உள்ள ஃப்ராங்கே அறக்கட்டளையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் அங்கேதான் சேர்ந்திருக்கின்றன.

குடும்பச் சின்னம் அச்சிட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் தளங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஜெர்மன் மரபில் சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. அதே பெயர் கொண்ட வேறொருவருக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது.

கடைசியாக, அந்த வீட்டாரைப் பற்றி. கதவைத் தட்டி விசாரிக்க வேண்டாம். ஜெர்மனியில் அது பலருக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு சிறு கடிதத்தை அவர்கள் தபால்பெட்டியில் போடலாம். தான் எந்த ஊர்க்காரி, அந்த ஊருக்கும் அவர்கள் பெயருக்கும் என்ன தொடர்பு என்று நான்கு வரி எழுதிவிட்டு, "உங்கள் தாத்தா எந்த ஊரில் பிறந்தார்?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கட்டும். புல்ஸ்னிட்ஸ், காமென்ஸ், பவுட்சன் என்று அந்தச் சுற்றுவட்டாரத்து ஊர் ஒன்று பதிலாக வந்தால் பதிவேட்டில் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் மேற்கொண்டு கேட்காமல் இழப்புப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.