போனில் இரண்டு ஜிமெயில் கணக்குகள் இருந்தால், ஒன்றில் சேமித்த எண் இன்னொன்றில் ஏன் வருவதில்லை?

போனில் இருக்கும் பிரதியும் கணக்கின் சர்வரில், அதாவது கூகுளின் கணினியில், இருக்கும் பிரதியும் ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் சிங்க். இது ஒரு கணக்குக்கும் அதன் சர்வருக்கும் இடையில் மட்டும் நடக்கும்; இரண்டு கணக்குகளுக்கு இடையில் நடக்காது. அலுவலக எண்கள் சொந்தக் கணக்கில் கலந்துவிடாமல் இருப்பதும் இதனால்தான்.

கடைக் கணக்கு நோட்டையும் வீட்டுக் கணக்கு நோட்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்தது போல. இரண்டும் சேர்ந்து கண்ணில் படும், ஆனால் எதில் எழுதுகிறோமோ அதில்தான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் புது எண் சேர்க்கும்போது, எந்தக் கணக்கில் சேமிக்கப்போகிறது என்பது சின்ன எழுத்தில் தெரியும். பலரும் பார்க்காமல் விடுவது அதைத்தான். அங்கே கணக்குக்குப் பதில் ‘சாதனம்’ என்றிருந்தால் எண் பொதுவாக எந்தக் கணக்கோடும் சிங்க் ஆகாது; வேறு பிரதி இல்லையென்றால், போன் தொலைந்தால் எண்ணும் போச்சு. கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில், புது எண்கள் சேமிக்க ஒரே கணக்கை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

ஒரு கணக்கின் காலண்டர் இன்னொன்றிலும் வேண்டுமென்றால், அதற்கு வழி சுலபம். கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, ஒரு கணக்கின் காலண்டரை இன்னொன்றுக்குத் திருத்தும் அனுமதியோடு பகிருங்கள். அலுவலகக் கணக்கென்றால் நிர்வாகி இதைத் தடுத்திருக்கலாம்.

அப்புறம், சிங்க்கை பேக்கப், அதாவது தனியாக எடுத்து வைத்த பாதுகாப்புப் பிரதி, என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அப்படியில்லை, ஒரு எண்ணைப் போனில் அழித்தால் சர்வரிலும் அழியும், கூகுள் கான்டாக்ட்ஸின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரைதான் அது கிடைக்கும்.