சென்சார் புதிது, ஆனால் முள் எழும்பவில்லை

கேள்வி: என் படகில் டீசல் இன்போர்டு என்ஜின். சாவியைத் திருப்பியதுமே, ஸ்டார்ட் செய்யும் முன்பே, வெப்பநிலை முள் சிவப்புக்கு ஓடியது. சென்சாரை மாற்றினேன். கசியக் கூடாதே என்று டெஃப்லான் டேப்பை நன்றாகச் சுற்றித்தான் மாட்டினேன். இப்போது அரை மணி நேரம் ஓடினாலும் முள் அடியிலேயே கிடக்கிறது. புது சென்சாரும் பழுதா?

பதில்: இன்னொன்று வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். எனக்குச் சந்தேகம் அந்த டேப் மேல்தான். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாக. டேப் தடித்தால் மரைக்கும் என்ஜினுக்கும் தொடர்பு சரியாக இருக்காது. இந்த வகை சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும்; எர்த் விட்டுப்போனால் தடை எகிறும், மீட்டர் அதைக் குளிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் அறுகோணத் தலையிலும், மற்றதை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். ஓம் அளவு பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

அது சரியாக இருந்தால் ஒயரைப் பாருங்கள். சாவியைப் போட்டு, சென்சார் ஒயரைக் கழற்றி, நுனியை நொடிப்பொழுது பிளாக்கில் தொடுங்கள். முள் சிவப்புக்குப் பாய்ந்தால் மீட்டரும் ஒயரும் நலம். (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு என்ஜினில் இந்த வேலை வேண்டாம்.) உங்கள் பழைய கோளாறுக்கும் இதுதான் சோதனை. ஒயரைக் கழற்றியும் முள் சிவப்பிலேயே நின்றிருந்தால், சென்சார் குற்றவாளியே அல்ல. ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கும். முள் சிவப்பைக் காட்டினாலே சென்சாரைக் கழற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது, இரண்டு நிமிடச் சோதனைக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை!

புது சென்சாரில் இரண்டு முனைகள் இருந்தால், ஒன்று மீட்டருக்கு, மற்றது அலாரத்துக்கோ தனி எர்த்துக்கோ இருக்கும். இடம் மாறியிருந்தாலும் இதே கதைதான். சென்சாரின் மின்தடை (ஓம்) கணக்கும் மீட்டரோடு பொருந்த வேண்டும். ஐரோப்பிய வகைகளில் பரவலாகக் கிடைப்பது 40 டிகிரி செல்சியஸில் சுமார் 290 ஓம், 120-ல் சுமார் 22. அமெரிக்க வகை 38-ல் சுமார் 450, 121-ல் சுமார் 30. மாற்றிப் போட்டால் முள் ஏறும், ஆனால் பொய் சொல்லும்.

திரும்ப மாட்டும்போது என்ஜின் ஆறியிருக்கட்டும். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொஞ்சம் கூலன்ட்டை வடித்துவிட்டு, டேப்பை மரை இடுக்குகளிலிருந்து முழுக்கச் சுரண்டி எடுங்கள். முதல் இரண்டு மரையை விட்டு, திரவ சீலன்ட் லேசாகப் போதும். கூம்பு மரை இறுக இறுகத் தானே அடைத்துக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் வார்ப்பு உடைந்து, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். ஒயர் முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் வெட்டி, ஈயம் பூசிய ஒயருக்கான புது லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போடுங்கள்.

அப்புறம், கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். சென்சார் முனை காற்றுக்குமிழியில் இருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் முள் எழும்பாது. முள் சரியாகும்வரை தெர்மோஸ்டாட் உறையை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். இப்போதைக்கு இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை இறைக்கும் பம்பின் சக்கரம்) தேய்ந்து என்ஜின் கொதித்தாலும் உங்கள் மீட்டர் வாய் திறக்காது.