ஆணி ஏன் வளைகிறது?

கேள்வி: 300 கிராம் சுத்தியலால் அடிக்கிறேன். ஆணி வளைகிறது, மணிக்கட்டும் வலிக்கிறது. கனமான சுத்தியல் வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் பிடியை மாற்றுங்கள். இயக்க ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். எடையை இரட்டித்தால் ஆற்றல் 2 மடங்கு. வேகத்தை இரட்டித்தாலோ 4 மடங்கு. தலைக்கு அருகே பிடித்தால் வீச்சு குறுகி, அந்த வேகம் கிடைக்காமல் போகிறது. கைப்பிடியின் கடைசியில் பிடித்து, முழங்கையிலிருந்து வீசுங்கள். மணிக்கட்டைக் கடைசி நொடியில்தான் சொடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அடியின் அதிர்வு நேரே மணிக்கட்டுக்கு ஏறும். நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

ஆணி வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் கோணம்தான். அடி விழும் கணத்தில் கைப்பிடி பலகைக்கு இணையாக, கை ஆணிக்கொண்டையின் உயரத்தில் இருக்க வேண்டும். கை ஏறினாலும் இறங்கினாலும் சுத்தியலின் முகம் சாய்ந்து, ஆணியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆணி இறங்க இறங்கக் கையும் இறங்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஆணி தானாக நிற்கும்வரை இரண்டு மூன்று மெல்லிய தட்டு, பிறகே முழு வீச்சு. பார்வை ஆணிக்கொண்டையில் இருக்கட்டும், சுத்தியலில் வேண்டாம்.

சுத்தியல் முகத்தில் பிசின் ஒட்டியிருந்தால் வழுக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் பெரிய ஆணிகள் இறங்க மறுத்தால், 450 கிராம் சுத்தியல் வாங்கலாம்.

கேள்வி: மெல்லிய பலகையில் ஆணி இறங்காமல் துள்ளுகிறதே?

பதில்: பலகை வளைந்து அடியை வாங்கிக்கொள்கிறது. பின்னால் கனமான இரும்புக் கட்டி ஒன்றை அழுத்திப் பிடியுங்கள்.