வின்ஸ்ஃபோர்டு உப்புச் சுரங்கம் இத்தனை காலமாக எப்படி இடியாமல் நிற்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், எல்லா உப்பையும் வெட்டி எடுக்காததால்தான்.

இங்கிலாந்தின் செஷயரில் 1844இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது பாறை உப்பு. 1892இல் மூடப்பட்ட சுரங்கம் 1928இல் மறுபடி திறக்கப்பட்டது. அருகிலுள்ள நார்த்விச்சின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். அங்கே பழைய சுரங்கங்களுக்குள் தண்ணீர் புகுந்து, கூரையைத் தாங்கிய உப்புத் தூண்களையே கரைத்துவிட்டது. தெருக்கள் உள்வாங்கின, வீடுகள் சாய்ந்தன. பேராசைக்கு ஓர் ஊரே விலை கொடுத்தது என்றுதான் சொல்வேன்.

வின்ஸ்ஃபோர்டில் சுமார் 150 மீட்டர் ஆழத்தில், பெரிய அறைகளாக வெட்டிக்கொண்டே போகிறார்கள். இடையிடையே பருமனான உப்புத் தூண்களைத் தொடாமல் விடுகிறார்கள். அந்த உப்பு என்றைக்கும் விற்பனைக்கு வராது. வெட்டியதில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலைகளில் தூவப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது காலியான அறைகளின் மறுவாழ்வு. ஈரமில்லாத, வெப்பநிலை மாறாத இடம் என்பதால், 1998 முதல் அங்கே ஆவணங்களைப் பாதுகாத்து வைக்கிறார்கள்.