ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு? – கடிதம்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வியாசர்பாடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மார்ச், ஏப்ரல் வந்தால் என் வகுப்பில் தினமும் நாலைந்து பிள்ளைகள் வருவதில்லை. கேட்டால் வயிற்றுப்போக்கு. குழாய்த் தண்ணீர் சில நாள் சாக்கடை வாடை அடிக்கிறது, அது தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ளும் விதம்தான் ஆற்றாமையாக இருக்கிறது. பேதிக்கு இலவசமாகக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, அந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக்கூட ஒழுங்காகக் கரைத்துக் கொடுப்பதில்லை. படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது. வளரும் நாடுகளில் தாயின் படிப்புக்கும் குழந்தையின் உயிருக்கும் தொடர்பு உண்டு என்று படித்திருக்கிறேன். இதில் வேலை செய்வது படிப்பா, படிப்போடு சேர்ந்து வரும் பணமா? எத்தனையாவது வகுப்புவரை படித்தால் போதும்? படித்தவர்களுக்குத்தானே சர்க்கரை நோய் அதிகம், அது எப்படி? ஜூனில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி வைக்கலாம் என்றிருக்கிறேன். போஸ்டர், சின்ன உரை. யோசனை சொல்லுங்கள்.

ச., வியாசர்பாடி

அன்புள்ள டீச்சர்,

வராத பிள்ளைகளை எண்ணி, ஏன் வரவில்லை என்றும் விசாரிக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களுக்குப் பதில் எழுத வேண்டும். அந்தக் கணக்கை மனதில் வைக்காமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, பிள்ளையின் தெரு, குடிக்கும் தண்ணீர் குழாயா, கைபம்பா, லாரியா, கேனா. ஒரே தெருவில் மூன்று நாளில் மூன்று பிள்ளை என்றால் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தெரியும் முன்பே பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ‘படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது’ என்று எழுதினீர்களே, அங்கே எனக்குக் கோபம் வந்தது. ஓ.பி. சீட்டு போடுகிற இடத்திலிருந்து மாத்திரை கவுண்டர்வரை எங்கும் இதே வசனம்தான். என்ன சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சில நாட்களாகவே எனக்கு இதே யோசனை. உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டிக்கொண்டது.

முதலில் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பணமா, படிப்பா? இரண்டும்தான். ஆனால் பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் படிப்பின் பங்கு நிற்கிறது. 1979-ல் நைஜீரியத் தரவுகளை வைத்து இதை அழுத்திச் சொன்னவர் ஜான் கால்டுவெல். நம் இடையன்குடி கால்டுவெல் இல்லை. இவர் ஆஸ்திரேலியர், மக்கள்தொகை ஆய்வாளர். 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 175 நாடுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது. 1970-க்கும் 2009-க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு 82 லட்சம் குறைந்தது என்றால், அதில் 42 லட்சம் பெண்கள் கூடுதலாகப் படித்ததால் என்றது. படித்த குடும்பம் வசதியான குடும்பமாகவும் இருக்குமே என்ற சந்தேகத்துக்கு இந்தோனேசியா பதில். 1973-லிருந்து ஆறு வருஷத்துக்குள் அரசாங்கம் 61,000-க்கு மேல் தொடக்கப் பள்ளிகள் கட்டியது. அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது அவர்களுடைய குழந்தைகள் சாவது குறைந்திருந்தது. எத்தனையாவது வகுப்பு என்று கோடு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூட்டித் தரும். சர்க்கரை நோய் விஷயம் பழைய கதை. சென்னையிலேயே நடுத்தர வர்க்கக் காலனியையும் ஏழைகள் குடியிருப்பையும் ஒப்பிட்டபோது முதலில் காலனியில்தான் அதிகம் இருந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கிவிட்டது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இதில் பலரும் தாண்டிப் போகிற கணக்கு ஒன்று இருக்கிறது. நைஜீரிய கிராமங்களை ஒப்பிட்டதில் கிடைத்ததை கால்டுவெல் 1986-ல் எடுத்துக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் பக்கத்தில் மருத்துவ வசதி மட்டும் வந்தால் ஆயுள் எதிர்பார்ப்பு 20 சதவீதம் கூடியது. வசதி இல்லாமல் தாய்க்குப் படிப்பு மட்டும் இருந்தால் 33. இரண்டும் சேர்ந்தால் 53 என்று கூட்டிப் போடத் தோன்றும். வந்தது 87.

மேலே நிற்கும் அந்த 34 எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகத்தில் கிருமியைப் பற்றிப் படித்ததாலா? இல்லை. பள்ளிக்கூடம் போன பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வேகமாகச் சொல்வதைப் பிடித்துக்கொள்ளத் தெரிகிறது. புரியாவிட்டால் ‘இன்னொரு தரம் சொல்லுங்க’ என்று கேட்கும் தெம்பு இருக்கிறது. பிள்ளைக்குக் குணமாகாவிட்டால் மறுநாளும் போய் நிற்கிறாள். மாமியார் ‘பல்லு மொளைக்கிற பேதி, தானா நிக்கும்’ என்றாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். உங்கள் குழாய்த் தண்ணீருக்கும் இதேதான்: மெட்ரோ வாட்டரில் புகார் சொன்னால் போதாது, புகார் எண் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருப்பது. சரி, வைத்தியத்தை இத்தனை சாமர்த்தியம் தேவைப்படும்படி ஏன் கொடுக்கிறோம்? என் சண்டை அதோடுதான்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-க்குப் பிந்தைய கலவை இது: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. கடையில் இதே கலவை சின்னப் பாக்கெட்டாகவும் வருகிறது, நாலு கிராமும் சொச்சமும், 200 மில்லிக்கு. இரண்டும் பார்வைக்கு ஒரே ஜாதி. அளவு பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். போன தடவை மருந்துக்கடையில் வாங்கிய சின்னதை ஒரு டம்ளரில் கரைத்துச் சரியாகக் கொடுத்த அதே தாய், இந்த முறை சுகாதார நிலையத்தில் வாங்கிய பெரியதையும் ஒரு டம்ளரில்தான் கரைப்பாள். அவள் கற்றுக்கொண்டதைத்தான் செய்கிறாள். பாக்கெட்தான் மாறிவிட்டது.

அப்படிக் கரைத்தால் என்ன ஆகும்? லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும். நம் ரத்தத்திலேயே 135 முதல் 145தான். கரைசலின் மொத்த அடர்த்தியும் ஐந்து மடங்காக ஏறும். குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் இறங்கும். பேதி கூடும், பிள்ளை வாந்தி எடுக்கும், தாகத்தில் அழும், அழுகிற பிள்ளைக்கு அதையே மறுபடி கொடுப்பார்கள். ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்புவரை போகும். கடைசியில் ‘ஓ.ஆர்.எஸ். எங்க புள்ளைக்கு ஒத்துக்கல, குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று வந்து நிற்பார்கள். பார்த்ததை வைத்து அவர்கள் வந்த முடிவு அது. நியாயம்தானே?

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று உத்தேசமாகப் போட்டு, மீதியை மடித்து அலமாரியில் வைப்பது. பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், எந்த ஸ்பூனில் உப்பு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. பாலில் கரைப்பது, சர்க்கரை சேர்ப்பது, கரைத்த பிறகு கொதிக்க வைப்பது, நேற்றுக் கரைத்ததை இன்று சாயங்காலமும் கொடுப்பது, எல்லாம் தப்பு. இருபத்துநாலு மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும். அட்டைப்பெட்டியில் ஸ்ட்ரா குத்திக் குடிக்கும் பழச்சுவை பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்களே, அதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது 2025 அக்டோபரில்தான். அதுவரை பி.ஹெச்.டி. படித்த வீட்டிலும் அதை வாங்கிப் பேதிக்குக் கொடுத்தார்கள். அவர்களை யாரும் ‘சொன்னால் புரியாது’ என்று சொல்லவில்லை.

படிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றால், வங்கதேசத்தைப் பாருங்கள். 1980-லிருந்து பத்து வருஷம் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள், ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல். கற்றுக்கொண்ட தாய்மாரில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. பாக்கெட் கிடையாது, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அரை சேர் எவ்வளவு என்ற சிக்கலுக்கு, அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அளந்து அடையாளம் போட்டார்கள். தாயைக் கலக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்த இடம் சம்பளம். சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டு மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி. புரியவில்லை என்றால் நஷ்டம் டீச்சருக்கு! நம் பள்ளிக்கூடத்தில் இதை நடைமுறைப்படுத்தச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

அங்கும் முதலில் சறுக்கியது. தாய்மார் ஒப்பித்தார்கள், ஆனால் பேதி வந்தபோது கலக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் சொல்லிக்கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. பிறகு அவர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டி, தாய்மார் முன்னால் தாங்களே ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடமும் பேசினார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1956-ல் இதே மெட்ராஸில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அப்போது காசநோய் என்றால் சானடோரியம், அதாவது மாதக்கணக்கில் தங்கவைக்கும் காசநோய் மருத்துவமனை. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், இன்னொரு பாதிக்கு அதே மருந்தை ஒரு வருஷம் வீட்டிலேயே கொடுத்தார்கள். நெருக்கமான வீடு, குறைந்த சாப்பாடு. முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. வீட்டிலிருந்தவர்களுக்கு மருந்து தடையில்லாமல் போனது, திடீரென்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சிறுநீர் சோதித்தார்கள். இவர்களுக்கு எங்கே புரியும் என்று விட்டிருந்தால், ஏழை நாடுகள் இன்னும் பல காலம் படுக்கைக்குக் காத்துக் கிடந்திருக்கும்.

ஆகவே டீச்சர், போஸ்டரை விடுங்கள். ‘கை கழுவுவோம்’ போஸ்டர் ஒட்டாத சுவர் இந்த ஊரில் எது? உரையும் வேண்டாம். இருபது பெரிய பாக்கெட், இருபது காலி லிட்டர் பாட்டில், ஒரு குடம் காய்ச்சி ஆறிய தண்ணீர், சில ஸ்பூன். வருகிறவர்களைத் தங்கள் வீட்டு டம்ளரையும் சொம்பையும் எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் வேலை, பாட்டில் தண்ணீர் அவரவர் டம்ளரால் எத்தனை டம்ளர் என்று அளப்பது. ஒருத்திக்கு ஐந்து வரும், இன்னொருத்திக்கு ஏழு. இனி அவள் வீட்டுக்கு லிட்டர் என்பது அந்த எண். பிறகு கை கழுவி, பாக்கெட்டை முழுசாகக் கொட்டி, தெளியும்வரை கலக்கட்டும். முதலில் நீங்கள் ஒரு வாய் குடியுங்கள். கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு, ஒரு லிட்டருக்கு டீஸ்பூனால் தலைவழித்து ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.

கொடுக்கும் விதத்தையும் செய்து காட்டுங்கள். ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200. கைக்குழந்தைக்கு ஸ்பூனால், ஒரு நிமிஷத்துக்கு ஒன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவாக. தாய்ப்பாலும் சோறும் நிற்கக் கூடாது. துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், பதினாலு நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் வீட்டில் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், அது கூடாது. பதினாலு நாள் எதற்கு என்றால் அடுத்த சில மாதத்தில் மறுபடி வராமலிருக்க என்று சொல்லுங்கள். காரணம் சொன்னால் கொடுப்பார்கள். கண் குழி விழுந்தால், குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் வந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிந்தால், வீட்டில் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும், வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே.

மாமியார்களையும் கூப்பிடுங்கள். ஜூலையில் அந்த இருபது பேரில் ஐந்து பேர் வீட்டுக்குப் போய், ‘கொஞ்சம் கலக்கிக் காட்டுங்கம்மா’ என்று கேளுங்கள். எத்தனை பேர் சரியாகக் கலக்கினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அது உங்களுடைய மார்க்.