பழைய மைப்பேனாக்கள்: கேட்டதும் சொன்னதும்

பழைய மைப்பேனாக்களைச் சேர்ப்பவர்களும் சேர்க்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கிவிட்டேன். “என் பேனா என்ன விலைக்குப் போகும்?” என்பவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. மங்கலான படத்தைப் பார்த்து விலை சொல்கிறவரை நான் நம்புவதில்லை. நீங்களும் என்னை அப்படி நம்ப வேண்டாம்.

கேள்வி: முதன்முதலாக ஒரு பழைய பேனா வாங்கப் போகிறேன். எதில் தொடங்கலாம்?

எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் பார்க்கர் 51. 1941இல் விற்பனைக்கு வந்த பேனா. 1948இல் அதன் மை நிரப்பும் முறையை மாற்றி ‘ஏரோமெட்ரிக்’ என்ற அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். தேட வேண்டியது அந்தப் பிந்தைய வகையைத்தான். உள்ளே இருக்கும் பை ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். எழுபது ஆண்டு கடந்தும் நெகிழ்ச்சி குறையாமல் இருப்பவை ஏராளம். பல பேனாக்களுக்கு, தண்ணீரை உறிஞ்சித் துப்பவைத்துப் பழைய மையைக் கரைத்தாலே போதும், எழுதத் தொடங்கிவிடும். நிப்பு கூட்டுக்குள் மறைந்திருப்பதால் சட்டென்று காய்வதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அழுத்தினால் தடித்து, விட்டால் மெலியும் கோடு வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்தப் பேனா உங்களுக்கு ஏமாற்றம்தான். அதன் நிப்பு அசைந்துகொடுக்காது. எஸ்டர்புரூக் நிறுவனத்தின் ஜே வரிசை இன்னொரு நல்ல தொடக்கம். நிப்பைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். ஒரே பேனாவில் மெல்லியதும் தடித்ததும் எழுதிப் பார்க்கலாம்.

கேள்வி: தாத்தாவின் பேனா கிடைத்தது ஐயா. பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. தூக்கினால் வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். தயவுசெய்து.

அந்த நெம்புகோல் உள்ளே ஒரு தகட்டை அழுத்தும். தகடு ரப்பர் பையை நசுக்கும். விடும்போது பை விரிந்து மையை உறிஞ்சும். வால்டர் ஷீஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பிறகு ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் தத்தம் வழியில் இதைச் செய்தன. ரப்பர் பை காலப்போக்கில் கல்லாக இறுகிவிடும். நெம்புகோலைத் தடுப்பது அந்த இறுகிய பைதான். பலம் காட்டினால் நெம்புகோல் வளையும், அதன் ஊசி கழன்றுவிடும், அல்லது பேனாவின் உடலே வெடிக்கும். பையை மாற்றுவது எளிது. வெடித்த உடலை ஒட்டுவது எளிதல்ல.

செய்ய வேண்டியது: கூந்தல் உலர்த்தியை மிதமான சூட்டில் வைத்து, கழுத்தும் (நிப்பு பொருந்தியிருக்கும் முன்பகுதி) உடலும் சேரும் இடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். விரலுக்குப் பொறுக்க முடியாத சூடு பேனாவுக்கும் ஆகாது. மெல்ல அசைத்துக் கழுத்தை வெளியே எடுங்கள். தீக்குச்சி, மெழுகுவர்த்தி பக்கமே போகக் கூடாது. அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆன பேனாவாக இருந்தால் பற்றிக்கொண்டு எரியும். உள்ளே நொறுங்கிக் கிடக்கும் ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அளவான புதுப் பையை அரக்குக் கரைசலால் ஒட்டுங்கள். உடனடிப் பசை வேண்டாம். அரக்கு சூட்டில் இளகும். முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் இதே வேலையைச் செய்யும்போது உங்களைத் திட்டாமல் இருப்பார்.

கேள்வி: கறுப்புப் பேனாவைச் சுத்தம் செய்ய ஒரு இரவு தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் பழுப்பாகியிருக்கிறது. மீண்டும் கறுப்பாக்க முடியுமா?

உங்களுடையது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். ஐயமிருந்தால் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடிக்கும். பல ஆண்டு வெளிச்சம் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. தண்ணீர் அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. இனி நிப்புப் பகுதியை மட்டும் நனையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது.

கறுப்பாக்கும் வழிகள் உண்டு. தேய்த்து மெருகேற்றலாம், சாயம் ஏற்றலாம். எனக்கு இரண்டும் பிடிக்காது. தேய்க்கும்போது உடலில் பொறித்த நிறுவனத்தின் பெயரும் மெல்லிய அலைக்கோடுகளும் சேர்ந்து போய்விடும். அவை போனால் திரும்பாது. சாயம் பூசியதைச் சொல்லாமல் விற்பவர்கள் வேறு இருக்கிறார்கள். பழுப்பாகவே இருக்கட்டும், நூறு வயதுக்காரருக்கு மை தடவிய மீசை எதற்கு?

கேள்வி: தங்க நிப்பு என்றால்தான் மதிப்பா? 14 காரட்டா 18 காரட்டா எது நன்றாக எழுதும்?

எழுத்துக்கும் காரட்டுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பும் கலந்த பழைய மைகள் அமிலத்தன்மை உடையவை. சாதாரண எஃகை அரித்துவிடும். தங்கம் அரிபடாது. அதனால்தான் தங்கம் வந்தது. தாளில் உராயும் நுனியில் இருக்கும் சிறு மணியோ தங்கமே அல்ல. இரிடியம் என்று சொல்வார்கள்; ஆஸ்மியம், ருத்தேனியம் போன்ற கடினமான உலோகங்களின் கலவை அது. தங்கம் மென்மையானது என்பதால் நிப்பு வளைந்துகொடுக்கும் என்பதும் தவறு. வளைவது வடிவத்தாலும் தகட்டின் கனத்தாலும்.

வாங்கும்போது காரட் முத்திரையை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியால் நுனியைப் பாருங்கள். இரு பக்கமும் மணி இருக்கிறதா, ஒரே மட்டத்தில் நிற்கிறதா, நடுத்துளையிலிருந்து விரிசல் ஓடுகிறதா? மணி தேய்ந்துபோன நிப்பைப் பழையபடி ஆக்குவது நிபுணர் வேலை. வளையும் நிப்பு கிடைத்தால் அதன் எல்லை எதுவென்று சோதித்துப் பார்க்காதீர்கள். எல்லை தெரியும் நொடியில் நிப்பு போய்விட்டிருக்கும்.

கேள்வி: பழைய பேனாவுக்குப் பழைய மைதான் ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். கழுவினால் போகும் சாதாரண நீல மை போதும். வரைபட மை, இந்தியன் இங்க் என்று விற்பவை பேனாவுக்குள் காய்ந்தால் கெட்டியாகிவிடும். பார்க்கர் 51 வெளிவந்த காலத்தில் அதற்கென்றே ஒரு மை விற்றார்கள். சீக்கிரம் உலரும், ஆனால் கடும் காரத்தன்மை கொண்டது. மற்றப் பேனாக்களை அது பாழாக்கியது. அதன் பழைய புட்டி கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், திறக்க வேண்டாம். கழுவ சாராய வகைத் திரவங்களையும் தொடாதீர்கள், செல்லுலாய்டு கரையும்.

கேள்வி: மை குறையும்போது மட்டும் சொட்டுகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே காற்று அதிகமாகிறது, கைச்சூட்டில் விரிகிறது, மையைத் தள்ளுகிறது. உடலுக்குள்ளேயே நேரடியாக மை ஊற்றும் பேனாக்களில் இது கூடுதல். பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: நாற்பது பேனா சேர்த்துவிட்டேன். அடுத்து என்ன வாங்குவது என்றே தெரியவில்லை. ஒரு திசை சொல்லுங்கள்.

நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, மை நிரப்பும் முறைகளின் பின்னால் போங்கள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குச் சலிக்காத பகுதி அதுதான். கான்க்லின் பேனாவில் பிறைவடிவத் தகடு ஒன்று உடலுக்கு வெளியே துருத்தி நிற்கும். அதை அமுக்கினால் பை நசுங்கும். மேசையிலிருந்து பேனா உருளாது என்பது இலவச இணைப்பு. இதனால் தன் வாயில் கெட்ட வார்த்தை குறைந்தது என்று பாராட்டியவர் மார்க் ட்வைன். 1929இல் பெலிக்கன் நிறுவனம் திருகு பிஸ்டனைக் கொண்டுவந்தது; பின்பக்கத்தைத் திருகினால் உள்ளே ஒரு அடைப்பான் நகர்ந்து மையை உறிஞ்சும். இன்றைய பிஸ்டன் பேனாக்கள் அந்த வழியில் வந்தவை. பார்க்கர் வேக்குமேட்டிக், 1933, ரப்பர்ச் சவ்வை மேலும் கீழும் இயக்கி உடல் முழுவதையும் மையால் நிரப்பியது.

உச்சம் என்று நான் நினைப்பது ஷீஃபர் ஸ்நார்க்கல், 1952. பின்பக்கத்தைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நீண்டு வரும். குழாய் மட்டும் மையில் மூழ்கும், நிப்பில் துளி படாது, துடைக்கத் துணி வேண்டாம். விரலில் மை படக் கூடாது என்பதற்காக இத்தனை ரப்பர் வளையமும் குழாயும் வில்லுமா என்று சிரிப்பு வரும். திருகிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பழுதுபார்க்க மட்டும் நிதானம் வேண்டும்.

நாற்பதில் மை நிரப்பியிருப்பவை இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவை கழுவி, உலர்ந்து, வெளிச்சம் படாமல் இருக்கட்டும். செல்லுலாய்டு பேனாக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள். சிதையத் தொடங்கிய ஒன்று வெளிவிடும் ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும்.

கேள்வி: நண்பர்கள் எழுதிப் பார்க்கக் கேட்கிறார்கள். கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும் என்கிறார்களே?

இரண்டு வரி எழுதுவதால் நுனி தேயாது. பந்துமுனைப் பேனா பழகிய கை அழுத்தும் என்பதுதான் பயம்; “அழுத்தாமல் எழுதுங்கள்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். மூடியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூடியில்லாத பேனாவை யாரும் ஞாபகமறதியாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவதில்லை.